இராத்திரிச் சூரியன்

பயிரும் வெளிச்சமும் – வரலாற்றுத் தொடர்: 7

சென்ற இதழில் கண்ணாடிப் பெட்டிகளோடு நிறுத்தியிருந்தோம். 1876 ஓகஸ்டில் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 38 பெட்டிகளில் ஏறத்தாழ 1,900 ரப்பர் கன்றுகள் இலங்கைக்குக் கப்பலேறின. பெரும்பாலானவை உயிரோடு வந்து சேர்ந்து, கம்பஹா ஹெனரத்கொடைத் தோட்டத்தில் வேர் பிடித்தன. அந்தப் பெட்டிகளைக் கப்பலின் மேல்தட்டில்தான் வைக்க வேண்டும். கீழ்த்தட்டில் வைத்தால் ஈரம் இருந்தும் கன்று வெளிறிச் சாகும். மண்ணையும் நீரையும் காற்றையும் பெட்டிக்குள் அடைத்து அனுப்பக் கற்றுக்கொண்ட மனிதனுக்கு, வெளிச்சத்தை அடைத்து அனுப்ப வழி தெரியவில்லை. ஆனால் அடுத்த நான்கு ஆண்டுகளுக்குள், அதே இங்கிலாந்தில் ஒருவர் இரவில் வெளிச்சத்தை உண்டாக்கிப் பயிருக்கு ஊட்டிக் காட்டினார்.

அவரிடம் போவதற்கு முன் ஒரு வார்த்தை. இந்தத் தொடரை நான் எழுதுவது கோமாரியிலிருந்து. இலங்கைத் தீவில் கிழக்கே மிகவும் நீண்டு நிற்கும் நிலம் சங்கமன்கண்டி முனை. அது எங்களுக்குப் பக்கத்து இடம். வெயிலுக்குப் பஞ்சமில்லாத இந்தக் கரையில், செயற்கை வெளிச்சத்தில் செடி வளர்ப்பதைப் பற்றி எதற்கு ஒரு அத்தியாயம் என்று கேட்கலாம். தேவை இருக்கிறது. ஊதா நிறத்தில் எரியும் எல்.ஈ.டி. விளக்கை வாங்கி அறைக்குள் கொச்சிக்காயும் கீரையும் வளர்க்கலாமா என்று இளம் பிள்ளைகள் கேட்கிறார்கள். விற்பவர்களின் விளம்பரத்தில் அதற்குச் சரியான பதில் கிடைக்காது. அந்த விளக்கு எங்கே பிறந்தது, எந்தக் குறையைத் தீர்க்கப் பிறந்தது என்று பார்த்தால்தான் பதில் தெரியும்.

செயற்கை வெளிச்சத்தைப் பயிர்மேல் பரிசோதித்தவர்களில் முன்னோடி ஒரு ரஷ்யர். 1860களில் அந்திரே ஃபமின்ட்சின் என்ற தாவரவியலாளர் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துப் பாசியை வளர்த்தார். சூரியன் இல்லாமலே, விளக்கு வெளிச்சத்திலேயே பச்சைப் பாசி தனக்கு வேண்டிய உணவைத் தயாரிக்கும் என்று காட்டினார். அதற்குச் சற்று முன், 1861இல், பிரான்சில் ஹெர்வே மாங்கோன், மின்வில் விளக்கின் முன் வைத்த நாற்று பச்சை பிடிப்பதைக் கண்டிருந்தார். ஆனால் இவை ஆய்வுகூட மேசையோடு நின்ற வேலைகள். தோட்டத்துக்கு வெளிச்சத்தைக் கொண்டு வந்தவர் வில்லியம் சீமென்ஸ்.

1823இல் ஜெர்மனியில் பிறந்து, இளம் வயதிலேயே இங்கிலாந்தில் குடியேறி அந்நாட்டுப் பிரசையானவர் அவர். லண்டனையும் கல்கத்தாவையும் 1870இல் தந்தியால் இணைத்த பாதையின் பெரும்பகுதியைப் போட்டது அவருடைய குடும்ப நிறுவனம். மூத்த சகோதரர் வெர்னர், மின்சாரம் பிறப்பிக்கும் டைனமோவின் அடிப்படையை 1860களில் வகுத்தவர்களுள் ஒருவர். ஆக வில்லியமிடம் இயந்திரம் இருந்தது, பணம் இருந்தது, டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்ற ஊருக்கு அருகே ஷேர்வுட் என்ற வளவும் கண்ணாடி வீடுகளும் இருந்தன. இங்கிலாந்தின் மாரிகாலத்தில் பகல் எட்டு மணி நேரத்துக்குச் சுருங்கிவிடும். அந்த எட்டு மணி நேரமும் பல நாட்களில் மேகமூட்டம்தான். பயிருக்கு வெயில் போதாத நாடு அது. விளக்கின் தேவை அங்கிருந்துதான் பிறந்தது.

1879–80 மாரிகாலத்தில் அவர் செய்த பரிசோதனையின் அமைப்பைப் பார்த்தால், நம் பாடசாலைப் பிள்ளைகள் இன்றும் அப்படியே செய்து பார்க்கலாம். கடுகு, கரட், அவரை, வெள்ளரி போன்றவற்றைச் சட்டிகளில் விதைத்து நான்கு கூட்டமாகப் பிரித்தார். முதலாவது கூட்டம் முழு இருட்டில். இரண்டாவதற்கு மின்வெளிச்சம் மட்டும். மூன்றாவதற்குப் பகல் வெளிச்சம் மட்டும். நான்காவதற்குப் பகலில் சூரியன், இரவில் ஆறு மணி நேரம் மின்விளக்கு. விளக்கு, ஏறக்குறைய 1,400 மெழுகுதிரிகளின் வெளிச்சம் தரும் கரித்துண்டு வில் விளக்கு. இருட்டில் இருந்தவை மஞ்சளாகி மடிந்தன. மின்வெளிச்சம் மட்டும் பெற்றவை இளம்பச்சையாக, ஆனாலும் நிமிர்ந்து நின்றன. பகல் வெளிச்சம் பெற்றவை அவற்றைவிடக் கரும்பச்சை. இரண்டையும் பெற்றவை எல்லாவற்றையும் மிஞ்சி, அடர்ந்த பச்சையில் தழைத்தன. இரவில் ஓய்வு இல்லாவிட்டால் செடி களைத்துப்போகும் என்று அதுவரை பலர் நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கை ஒரு மாரிகாலத்தில் ஆட்டம் கண்டது.

1880 மார்ச் 4ஆம் திகதி லண்டன் ரோயல் சொசைட்டியில் அவர் இந்த முடிவுகளை வாசித்தார். மூடிய மொட்டுகளோடு கொண்டுவந்த டியூலிப் சட்டியைச் சபைக்கு நடுவே விளக்கின் முன் வைத்தார். ஒரு மணி நேரம் ஆகுமுன்னரே மொட்டுகள் மலர்ந்தன. அடுத்த மாரிகாலத்தில் வேலை பெரிதாயிற்று. டைனமோவைச் சுழற்ற நீராவி இயந்திரம் வைத்தார். அதிலிருந்து வெளியேறிய ஆவியையே கண்ணாடி வீட்டைச் சூடாக்கப் பயன்படுத்தினார். ஒக்டோபர் கடைசியில் விதைத்த பட்டாணி பெப்ரவரி நடுவில் பறிக்கும் நிலைக்கு வந்தது. இந்தப் புதிய தொழிலுக்கு ‘மின் தோட்டக்கலை’ என்று அவரே பெயர் சூட்டினார்.

அவருடைய குறிப்புகளில் எனக்கு மிகவும் பெறுமதியாகத் தெரிவது ஒரு சிறிய விடயம். மூடாத வில் விளக்கை நேராகக் காட்டியபோது இலைகள் கருகிச் சுருண்டன. நடுவே மெல்லிய தெளிந்த கண்ணாடி ஒன்றை வைத்ததும் கருகல் நின்றது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிட்டது. எல்லா வெளிச்சமும் பயிருக்கு ஒன்றல்ல என்பதைத் தோட்டத்திலேயே கண்டுகொண்ட தருணம் அது. 1882இல் ஜெர்மன் விஞ்ஞானி எங்கல்மன் இதை இன்னும் நுட்பமாகக் காட்டினார். ஒரு பாசி இழையின்மேல் வானவில்லின் நிறங்களை விழுத்தி, ஒட்சிசனைத் தேடும் பக்டீரியாக்களை அந்த நீரில் விட்டார். அவை சிவப்பும் நீலமும் விழுந்த இடங்களில்தான் மொய்த்தன. ஒளித்தொகுப்பு அங்கேதான் விரைவாக நடக்கிறது என்று அர்த்தம். இன்றைய ஊதா விளக்கின் வம்சாவளி அந்தப் பாசி இழையிலிருந்து தொடங்குகிறது.

சீமென்ஸ் 1883இல் காலமானார். வேலை அமெரிக்காவுக்கு மாறியது. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் லிபர்ட்டி ஹைட் பெய்லி 1889–90 மாரிகாலத்திலிருந்து சில ஆண்டுகள் வில் விளக்கின் கீழ்ப் பயிர் செய்தார். சலாது இலை முந்தி அறுவடைக்கு வந்தது. பசளிக்கீரையைப் போல இலைக்காகப் பயிரிடும் ஸ்பினாச்சோ, இலை பெருக்க வேண்டிய நேரத்தில் தண்டு நீட்டிப் பூத்து, விதைக்கு ஓடிவிட்டது. கீரைக்காரனுக்கு அது நட்டம். இரண்டுக்கும் ஒரே விளக்கு, ஒரே வெளிச்சம். ஏன் இந்த வேறுபாடு? பெய்லியின் காலத்தில் இதற்கு விடை கிடைக்கவில்லை. வெளிச்சத்தைப் பயிரின் உணவாக மட்டுமே எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

விடை புகையிலையிலிருந்து வந்தது. 1906 அளவில் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு விசித்திரமான புகையிலைச் செடி தோன்றியது. ஆள் உயரத்தையும் தாண்டி வளரும், இலை மேல் இலை விடும், கோடை முடியும்வரை பூக்காது. விதை வேண்டுமானால் வேரோடு கிளப்பிக் கண்ணாடி வீட்டுக்குள் வைக்க வேண்டும்; மார்கழி அளவில் அங்கே பூக்கும். விவசாயத் திணைக்கள விஞ்ஞானிகளான கார்னர், அலார்ட் இருவரும் காரணம் தேடினார்கள். உரம், ஈரம், வெப்பம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தும் பலனில்லை. கடைசியில் 1918 யூலையில், நடுக் கோடையில், சில சட்டிகளைப் பிற்பகல் நான்கு மணிக்கு ஓர் இருட்டுக் கொட்டிலுக்குள் தூக்கி வைத்து, மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வெளியே எடுத்தார்கள். செடிக்குக் கிடைத்தது ஏழு மணி நேரப் பகல். அந்தச் சட்டிகள் பூத்தன. பக்கத்தில் முழு வெயிலில் நின்றவை பூக்கவில்லை. மாரிகாலத்தில் மறுவளமாகச் செய்தார்கள். பொழுது பட்டதிலிருந்து நடு இரவு வரை சாதாரண மின்குமிழை எரிய விட்டார்கள். பகல் வெயிலோடு ஒப்பிட்டால் மிக மங்கலான வெளிச்சம்தான். அதுவே பூப்பதைத் தடுத்துவிட்டது.

1920இல் அவர்கள் இதை வெளியிட்டபோது, வெளிச்சம் பயிருக்கு இரண்டு வேலை செய்கிறது என்பது துலங்கியது. ஒன்று உணவு, மற்றது மணிக்கூடு. உணவாக வேண்டுமானால் வெளிச்சம் அள்ளிக் கொட்ட வேண்டும். மணிக்கூடாக வேண்டுமானால் கிள்ளிக் கொடுத்தால் போதும். 1938இல் ஹாம்னர், போனர் என்ற இருவர், நம் தரிசுகளிலும் முளைக்கும் மருளூமத்தையை வைத்து இன்னொரு படி ஏறினார்கள். நீண்ட இரவின் நடுவே ஒரு நிமிடம் விளக்கைக் காட்டினாலே அந்தச் செடி பூக்க மறந்துவிட்டது. செடி கணக்கெடுப்பது பகலின் நீளத்தை அல்ல, இடையறாத இருட்டின் நீளத்தை. 1952இல் போர்த்விக், ஹென்றிக்ஸ் குழு, சிவப்பு வெளிச்சம் அந்த மணிக்கூட்டை ஒரு பக்கம் திருப்புகிறது, அதற்கு அப்பாலுள்ள கடுஞ்சிவப்பு மறுபக்கம் திருப்புகிறது என்று கண்டது. அந்த மணிக்கூடாக வேலை செய்யும் நிறப்பொருளுக்குப் பின்னர் பைற்றோக்குரோம் என்று பெயரிட்டார்கள்.

இந்த இடத்தில் நம் வயலுக்கு இறங்க வேண்டும். நாம் இருப்பது வடக்கே ஏறத்தாழ 7 பாகை அகலாங்கில். வருடத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே உள்ள வித்தியாசம் 50 நிமிடம் அளவுதான். நாம் அதைக் கவனிப்பதே இல்லை. பழைய நெல் கவனித்தது. நெல் குறும்பகல் பயிர். இரவு நீளத் தொடங்கினால் கதிர் கட்டும். மலாக்காவில், பூமத்திய கோட்டுக்கு இன்னும் அருகில், வருடம் முழுவதற்கும் பகல் வித்தியாசம் 14 நிமிடமே. அங்கே ‘சியாம் 29’ என்ற நெல்லைச் செப்டெம்பரில் விதைத்தால் 161 நாளில் பூத்தது; ஜனவரியில் விதைத்தால் 329 நாள் எடுத்தது. டோர் என்ற ஆய்வாளர் 1959இல் வெளியிட்ட இந்தக் கணக்கை எத்தனை தடவை வாசித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பதினான்கு நிமிடத்தை அளந்து வைத்திருக்கிறது ஒரு புல்.

இதனால்தான் அந்தக் காலத்து நீண்ட வயது நெல்லைப் பெரும்போகத்துக்கென்றே வைத்திருந்தார்கள். பருவம் தவறி விதைத்தால் வைக்கோல் மிஞ்சும். 1966இல் வந்த ஐ.ஆர். 8 போன்ற குள்ள நெல்களில் இந்த மணிக்கூடு ஏறக்குறைய செயலற்றிருந்தது. எந்த மாதத்தில் விதைத்தாலும் குறித்த நாளில் கதிர் வரும். சிறுபோகமும் பெரும்போகமும் ஒரே நெல்லால் நிறையத் தொடங்கியதில் நீர்ப்பாசனத்துக்கும் உரத்துக்கும் பங்கு இருப்பது போல, இந்தக் குணத்துக்கும் பெரிய பங்கு உண்டு. யப்பானில் மணிக்கூடு இன்னும் ஓடும் நெல் வகைகள் இருப்பதால், தெருவிளக்கை ஒட்டிய வரிசைகளில் கதிர் பிந்துகிறது என்று விவசாயிகள் முறையிட்டு, நெல்லைக் குழப்பாத வீதி விளக்கை உருவாக்கும் ஆய்வே நடந்திருக்கிறது.

மணிக்கூடு வேலைக்கு விளக்கைப் பயன்படுத்துவோர் நமக்கு அருகிலேயே இருக்கிறார்கள். செவ்வந்தியும் நெல்லைப் போல நீண்ட இரவில் பூப்பது. கர்நாடகத்தின் சிக்கபள்ளாப்பூர், கோலார் பக்கம் செவ்வந்தித் தோட்டங்களில் இரவில் வரிசை வரிசையாக எல்.ஈ.டி. குமிழ்கள் எரிவதைக் காணலாம். செடி போதிய உயரம் வளரும்வரை விளக்கைக் காட்டிப் பூவைத் தள்ளிப்போட்டு, சந்தை நாளைக் கணக்கிட்டு அணைக்கிறார்கள். வியட்நாமின் பின்துவான் பகுதியில் டிராகன் பழத்துக்கு இது தலைகீழ்: நீண்ட பகலில் பூக்கும் அந்தக் கள்ளிக்கு, பருவம் அல்லாத மாதங்களில் இரவு விளக்கு காட்டிப் பூக்க வைக்கிறார்கள். விலை ஏறியிருக்கும் நேரத்தில் பழம் சந்தைக்கு வருகிறது. இங்கெல்லாம் உணவைச் சூரியன் கொடுக்கிறது. விளக்கு நேரத்தை மட்டும் சொல்கிறது.

உணவு கொடுக்கும் விளக்கின் கதை 1938இல் சந்தைக்கு வந்த குழல் விளக்கோடு வேகம் பிடித்தது. வில் விளக்கைப் போலச் சுடாது, புகையாது, செடிக்குப் பக்கத்தில் தொங்கவிடலாம். அதற்குக் கிடைத்த மிகச் சிறந்த வேலை இழைய வளர்ப்பு. தமிழ்நாட்டில் ‘திசு வாழை’ என்கிறார்களே, அந்தக் கன்றுகள் எல்லாம் போத்தலுக்குள், நாளுக்குப் பதினாறு மணி நேரம் விளக்கின் கீழ் வளர்ந்தவை. போத்தலில் ஊற்றும் கூழிலேயே சீனி இருப்பதால் கன்றுக்கு அதிக வெளிச்சம் தேவைப்படாது; 2,000, 3,000 லக்ஸ் போதும். நண்பகல் வெயில் ஒரு இலட்சம் லக்ஸ். இந்த இரண்டு எண்களையும் வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு வரப்போகும் கணக்கெல்லாம் இதற்குள்தான்.

எல்.ஈ.டி. காலத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். விண்வெளியில் கீரை வளர்க்கும் நோக்கத்தோடு அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980களின் கடைசியில் சிவப்பு எல்.ஈ.டி.யைக் கையில் எடுத்தார்கள். நீலத்துக்கு அப்போது தகுந்த எல்.ஈ.டி. இல்லை, குழல் விளக்கைத் துணைக்கு வைத்தார்கள். 1993இல் யப்பானில் நகமுரா பிரகாசமான நீல எல்.ஈ.டி.யைச் செய்து காட்டினார். அதற்கு வழி திறந்த அகசாகி, அமானோ ஆகியோரோடு சேர்த்து 2014இல் நோபல் பரிசு வந்தது. சிவப்பும் நீலமும் சேர்ந்ததும் பிறந்தது அந்த ஊதா நிறம். 2015 ஓகஸ்ட் 10ஆம் திகதி சர்வதேச விண்வெளி நிலையத்தில், விளக்கின் கீழ் விளைந்த செந்நிறச் சலாது இலையை விண்வெளி வீரர்கள் பறித்து உண்டார்கள்.

ஆனால் ஊதாதான் செடிக்கு உகந்தது, வெள்ளை வீண் என்று சொல்லி விற்பது சரியல்ல. 1972இல் மக்ரீ என்ற ஆய்வாளர் 22 பயிர்களை வைத்து ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே அளந்து, பச்சை வெளிச்சத்தையும் இலைகள் நன்றாகவே பயன்படுத்துகின்றன என்று வெளியிட்டார். நல்ல வெள்ளை எல்.ஈ.டி. நாற்றுக்கு முற்றிலும் போதும். ஊதாவின் கீழ் இலையின் மஞ்சளும் புள்ளியும் கண்ணுக்குத் தெரியாமல் போவதால், நோயைக் கண்டுபிடிப்பதும் கடினம்.

இப்போது கணக்கு. ஒரு சதுர மீற்றர் சலாது இலைக்கு வேண்டிய வெளிச்சத்தை இன்றைய தரமான எல்.ஈ.டி.யால் முழுவதுமாகக் கொடுக்க நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை அலகு மின்சாரம் வேண்டும். மாதம் 45 அலகு. தக்காளிக்கும் கொச்சிக்காய்க்கும் அதில் இரண்டு மடங்கு அளவு. இந்தக் கரையின் தெளிந்த நாளில் சூரியன் தருவதை ஒரு ஏக்கர் வேளாண்மைக்கு விளக்கால் கொடுப்பதென்றால் நாளொன்றுக்கு 16,000 அலகுக்குக் குறையாது. கூரையில் சூரியத் தகடு பூட்டி அந்த மின்சாரத்தில் விளக்கெரிக்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். ஒரு சதுர மீற்றர் கீரைக்கு வெளிச்சம் தர இரண்டு சதுர மீற்றர் தகடு தேவை. அந்த இரண்டு சதுர மீற்றர் வெயிலில் நேரே கீரையை நட்டால் இரண்டு மடங்கு விளையும்.

2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் போன நாடு இது. அந்த யூனில், வீட்டுத் தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையும் கொடுத்தார்கள். ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. அடுத்த பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். அமெரிக்காவிலேயே, விளக்கை மட்டும் நம்பி அடுக்கு மாடியில் கீரை வளர்த்த பெரிய நிறுவனமான ஏரோஃபார்ம்ஸ் 2023இல் கடன் தீர்க்க முடியாமல் நீதிமன்றம் போனது. அதே தொழிலில் இருந்த போவரி என்ற நிறுவனம் 2024இல் மூடப்பட்டது. மின்சாரச் செலவு அந்தத் தொழிலின் கழுத்தைப் பிடித்த காரணங்களில் ஒன்று.

ஆகவே என் தீர்ப்பு இது. வளவும் வெயிலும் உள்ளவர் கத்தரியையும் பொன்னாங்காணியையும் அறைக்குள் விளக்கில் வளர்ப்பது காசைக் கரைக்கும் வேலை. விளக்கு பயன்படும் இடங்கள் வேறு. மாரிமழை விடாமல் பெய்து நாற்று அழுகும் கார்த்திகை, மார்கழியில், விறாந்தையின் ஓரத்தில் ஒரு தட்டு கொச்சிக்காய் நாற்றைக் காப்பாற்ற 20 வாட் வெள்ளைக் குழல் ஒன்று போதும். நாளுக்குப் பதினான்கு மணி நேரம் எரித்தாலும் கால் அலகைச் சற்றே தாண்டும். நாற்றுக்கு ஒரு அடி உயரத்தில் தொங்க விடுங்கள். தண்டு மெலிந்து நீண்டால் இன்னும் இறக்குங்கள். இரவில் கட்டாயம் அணையுங்கள். இழைய வளர்ப்புக் கூடத்துக்கும் விதை ஆய்வுக்கும் விளக்கு இன்றியமையாதது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகக் குழு நாளொன்றுக்கு 22 மணி நேரம் விளக்கு வெளிச்சம் காட்டி, கோதுமையில் வருடத்துக்கு ஆறு தலைமுறை வரை எடுக்கலாம் என்று 2018இல் வெளியிட்டது. உப்பேறிய நம் கரையோர வயல்களுக்குப் புது நெல் வேண்டும் என்றால், குறும்பகல் பயிரான நெல்லுக்கு ஏற்ப வெளிச்ச நேரத்தை மாற்றி, அந்த வழியில் நம் ஆய்வு நிலையங்களுக்குப் பணம் ஒதுக்கச் சொல்லிக் கேட்பது நியாயமான கோரிக்கை.

அடுத்த இதழ் முழுவதும் நெல்லின் மணிக்கூட்டைப் பற்றியது. அதற்கு வாசகர்களின் உதவி வேண்டும். பொத்துவில் முதல் கல்முனை வரை, உங்கள் வீட்டு மூத்தவர்களும் பழைய போடிமாரும் முன்மாரியில் விதைத்த நீண்ட வயது நெல்லின் பெயர், விதைத்த மாதம், கதிர் தள்ளிய மாதம் ஆகியவற்றை நினைவில் வைத்திருந்தால், கேட்டு எழுதி இதழின் முகவரிக்கு இந்த மாதத்துக்குள் அனுப்பி வையுங்கள்.